புற்று இல்லாத காளான்

மழைவிட்ட மறுநாள் தாம்பரம் கிறித்துவக் கல்லூரி வளாகக் காடு, நன்மங்கலம், வண்டலூர் என்று தென்சென்னைப் புறநகரில் எடுக்கப்படும் காளான் புகைப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. பெரும்பாலும் மேலிருந்து எடுத்தவை. குடை பளிச்சென்று தெரிகிறது; அடிப்பக்கம் தெரிவதில்லை. அது முளைத்தது மட்கிய கட்டையிலா, சாணத்திலா, கறையான் புற்றிலா? பின்புலத்தை மங்கலாக்கியாகிவிட்டது. ஆனால் கைபேசிச் செயலி சொன்ன லத்தீன் பெயர் மட்டும் கீழே சந்தேகமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

இதைப் படமெடுக்கத் தெரியாத குறை என்று தள்ளிவிட முடியாது. ஒரு பொருள் தன்னளவில் முழுமையானது, பார்த்தாலே போதும் என்கிற நம்பிக்கை இதற்குள் இயங்குகிறது. காளானோ அப்படிப்பட்ட பொருள் அல்ல. மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் பரவிக் கிடக்கும் பூஞ்சை இழைகளின் கனியுறுப்பைத்தான் நாம் காளான் என்கிறோம். மிச்சமெல்லாம் சட்டகத்துக்கு வெளியே.

புல்வெளிகளில் முளைக்கும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸை எடுத்துக்கொள்வோம். இளசில் இதன் செவுள்கள் வெள்ளை. உண்ணத்தக்க குடைக்காளான் என்றே தோன்றும். தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. குடையை வெட்டி வெள்ளைத்தாளில் கவிழ்த்து, ராத்திரி முழுக்க மூடி வைத்தால், முற்றிய காளான் பச்சை நிற வித்துத்தூளைக் கொட்டித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு தாளும் ஒரு கிண்ணமும் செய்கிற இந்தக் காரியத்தை மேலிருந்து எடுத்த எந்தப் படமும் செய்யாது.

இங்கே நம்மவர்கள் 'காலனியப் பெயரிடல் எதிர் நாட்டார் அறிவு' என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். கொஞ்சம் பொறுக்கலாம். டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினத்தை 1942இல் வகுத்தவர் பிரெஞ்சுக்காரர் ரோஜர் ஹெய்ம். அவர் பெயரால் டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்ற இனத்தை 1979இல் விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன். டெர்மிட்டோமைசிஸ் என்றால் கறையான் காளான் என்றுதான் பொருள். நம் ஊரில் புற்றுக்காளான். கறையான்கள் புற்றுக்குள் தோட்டம்போட்டு வளர்க்கும் பூஞ்சை இது. மழைக்குப் பிறகு புற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஆக, ஆய்வுக்கூடப் பெயரும் கிராமத்துப் பெயரும் புற்றை விடவில்லை. விட்டது புகைப்படம்தான்.

நாட்டார் அறிவைக் கொண்டாடுவதிலும் ஆபத்து உண்டு. 'பூச்சி தின்ற காளானை நாமும் தின்னலாம்', 'விஷமென்றால் வெள்ளிக்காசு கறுக்கும்' என்பதெல்லாம் பொய். உயிரை வாங்கும் பொய். பழகியவர்கள் இம்மாதிரி பொதுவிதிகளை நம்பிப் பறிப்பதில்லை. இன்ன புற்று, இன்ன மழை என்று தெரிந்து பறிக்கிறார்கள். அந்த அறிவை இடத்திலிருந்து பெயர்த்துச் சூத்திரமாக்கினால் அதுவும் மேலிருந்து எடுத்த படம்தான்.

சிறுபாணாற்றுப்படையின் நல்லூர் நத்தத்தனார் இதில் நமக்கு முன்னோடி. வறுமைப்பட்ட அடுக்களையில் பூத்த ஆம்பியைக் காட்டும்போது, பழஞ்சுவர், கறையான், அது அரித்த புழுதி, உள்ளே துளையுள்ள காளான் என்று இடத்தையும் சேர்த்தே பதிகிறார். அந்த வீட்டார் குப்பைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, யாரும் பார்த்துவிடக்கூடாது என்று கதவை அடைத்துக்கொண்டு தின்கிறார்கள். பார்க்கப்படுதலின் கூச்சம் யாருக்கு என்ற கேள்வி இன்றைக்கும் மாறவில்லை. காப்புக்காட்டு ஓரத்தில் காமிராவோடு நிற்பவர் 'இயற்கை ஆர்வலர்'. கூடையோடு நிற்கும் பெண் 'அத்துமீறியவர்'.

புறநகரில் புதர்க்காடு மனைகளாகிக்கொண்டிருக்கிறது. பொக்லைன் முதலில் சமப்படுத்துவது புற்றைத்தான். புற்றுக்காளானைச் சிப்பிக்காளான்போல வைக்கோலில் வளர்த்தெடுக்க வழியில்லை. கறையான் போனால் அதுவும் போயிற்று. நாளைக்கு 'இங்கே என்ன இருந்தது?' என்று வழக்காடப் போகிறவர்களுக்கு அழகான குடைகளால் பயனில்லை. அடிப்பக்கம், தண்டின் அடி, முளைத்த இடம், தேதி - இவை உள்ள சுமாரான நாலு படங்கள் உதவும். இடத்தைக் காட்டிக்கொடுத்தவர் சம்மதித்தால் அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.