எதிரொலியும் தன்குரலும்: ஜின்னின் ‘எக்கோ’ ராக் இசைத்தொகுப்பு – இரசிக நோக்கில் ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தென்கொரியாவின் பி.டி.எஸ். குழுவைச் சேர்ந்த பாடகர் ஜின், 2025 மே 16 அன்று ‘எக்கோ’ என்னும் தனிக் குறுந்தொகுப்பை வெளியிட்டார். ஏழு பாடல்களைக் கொண்ட இத்தொகுப்பு ராக் இசைக்குழுவின் ஒலியமைப்பை அடிப்படையாகக் கொண்டது. நடனத்தையும் கூட்டுக்குரலையும் முதன்மையாகக் கொண்ட ‘ஐடல்’ மரபிலிருந்து வந்த ஒருவர் ராக் இசையைத் தேர்ந்தது இயல்பான வளர்ச்சியா, வெறும் ஒப்பனையா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. கொரிய ராக் வரலாறு, ஜின்னின் குரல், பாடல்களின் அமைப்பு ஆகிய மூன்றின் வழியே இத்தொகுப்பின் நிறைகுறைகள் ஆராயப்படுகின்றன. இரசிகரின் பற்று திறனாய்வுக்குத் தடையாகுமா, துணையாகுமா என்பதும் உடன் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கொரிய வெகுசன இசை, ராக், ஜின், எக்கோ, ஐடல் மரபு, இரசிகத் திறனாய்வு

முன்னுரை

வெகுசன இசையைப் பற்றிய திறனாய்வில் இரசிகரின் கருத்து பெரும்பாலும் சான்றாகக் கொள்ளப்படுவதில்லை. அவர் கலைஞர்மீது பற்றுடையவர், ஆகவே அவர் சொல்வது பாராட்டாக மட்டுமே இருக்கும் என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணத்தில் உண்மை உண்டு. ஆயினும் ஒரு குரலைப் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து கேட்டவருக்கு அக்குரலின் வழக்கங்கள் தெரியும். எங்கே அது தன் எல்லையைத் தாண்டுகிறது, எங்கே பழகிய பாதையில் இளைப்பாறுகிறது என்பதை அவரால் எளிதில் பிரித்தறிய முடியும். அவ்வகையில் இரசிகரின் நினைவும் ஓர் ஆய்வுத்தரவாகும். அந்நினைவைப் புகழுரைக்கு மட்டும் செலவிடாமல் ஒப்பீட்டிற்குப் பயன்படுத்தும்போது அது திறனாய்வாகிறது. இந்நோக்கிலேயே ‘எக்கோ’ இங்கு மதிப்பிடப்படுகிறது.

‘எக்கோ’வுக்கு முன்

கிம் சோக்ஜின் என்னும் இயற்பெயருடைய ஜின் 1992இல் பிறந்தவர். 2013இல் பி.டி.எஸ். குழுவின் மூத்த உறுப்பினராக அறிமுகமானார். ராப் இசையையும் நடனத்தையும் மையமாகக் கொண்ட அக்குழுவில் அவருக்குக் கிடைத்த வரிகள் தொடக்கத்தில் குறைவு. 2016இல் ‘அவேக்’, 2018இல் ‘எபிபனி’, 2020இல் ‘மூன்’ எனக் குழுவின் தொகுப்புகளில் இடம்பெற்ற அவருடைய தனிப்பாடல்களே அவரது குரலை முழுமையாக வெளிப்படுத்தின. இவற்றுள் ‘எபிபனி’ கவனத்திற்குரியது. மெல்லத் தொடங்கி மின்கிதாரும் டிரம்ஸும் ஓங்கும் உச்சத்தில் முடியும் அதன் கட்டமைப்பிலேயே பின்னாளைய ராக் சாய்வின் வித்தைக் காணலாம்.

2022 அக்டோபர் 28இல் வெளிவந்த ‘தி ஆஸ்ட்ரோநாட்’ பிரிட்டனின் கோல்ட்பிளே குழுவினரோடு இணைந்து உருவானது. அதே நாளில் புவெனஸ் ஐரிஸ் நகரில் அக்குழுவின் மேடையிலேயே ஜின் அதைப் பாடினார். பின்னர் 2022 டிசம்பர் 13இல் கட்டாய இராணுவப் பணியில் சேர்ந்து 2024 ஜூன் 12இல் விடுவிக்கப்பட்டார். அவ்வாண்டு நவம்பர் 15இல் ‘ஹாப்பி’ என்னும் முதல் தனிக்குறுந்தொகுப்பு வெளிவந்தது. அதன் ‘ஃபாலிங்’ பாடலில் ஜப்பானிய ராக் குழுவான ஒன் ஓகே ராக்கின் பாடகர் டாக்காவின் பங்களிப்பு உண்டு. ஆகவே ‘எக்கோ’ திடீர்த் திருப்பம் அன்று. ஏழாண்டுக் காலச் சாய்வு ஒரு தொகுப்பாகத் திரண்ட நிலை என்பதே பொருத்தம்.

கொரிய ராக் மரபும் ‘தன்படைப்பு’ என்னும் அளவுகோலும்

ஐடல் பாடகர் ராக் பாடும்போது எழும் முதன்மையான மறுப்பு ஒன்று உண்டு. ராக் இசைக்கலைஞர் தம் பாடலைத் தாமே எழுதி, தாமே இசைக்க வேண்டும். நிறுவனம் அமர்த்திய இசையமைப்பாளர்களின் மெட்டைப் பாடுபவர் ராக் கலைஞராக மாட்டார் என்பதே அது. இவ்வளவுகோல் கொரிய ராக் வரலாற்றோடு முழுமையாகப் பொருந்துமா என்பதைப் பார்க்க வேண்டியுள்ளது.

கொரிய ராக்கின் தந்தை எனப் போற்றப்படுபவர் ஷின் ஜூங்ஹியோன். கொரியப் போருக்குப்பின் அங்கு நிலைகொண்டிருந்த அமெரிக்க 8ஆம் படையின் முகாம் மேடைகளில் கிதார் வாசித்து வளர்ந்தவர். 1960களில் ‘ஆட்4’ என்னும் குழுவை அமைத்தார். ஆயினும் அவருடைய ராக் இசை மக்களிடம் பரவலாகச் சென்றடைந்தது அவரது குரல்வழி மட்டுமன்று. பேர்ல் சிஸ்டர்ஸ், கிம் சூஜா முதலிய பாடகியர் அவர் அமைத்த மெட்டுகளைப் பாடியே புகழ்பெற்றனர். எழுதுபவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்னும் முறை கொரிய ராக்கின் பிறப்பிலேயே இருந்தது என்பது இதனால் புலனாகிறது. மெட்டைப் பொருள்படப் பாடுவதும் அங்கு ஒரு படைப்புச் செயலாகவே அமைந்தது.

எனினும் அம்மரபிற்கு ஒரு விலையும் இருந்தது. ஆட்சியாளரைப் புகழ்ந்து பாடல் எழுத ஷின் மறுத்ததாகப் பரவலாகப் பதிவாகியுள்ளது. 1975இல் கஞ்சா வழக்கில் அவர் கைதானார். அவருடைய பாடல்கள் தடைசெய்யப்பட்டன. 1977இல் சானுல்லிம் குழுவும் 1985இல் டுல்குக்ஹ்வா குழுவும் முதல் தொகுப்புகளோடு வந்து ராக்கை மீண்டும் நிலைநிறுத்தின. 1990களில் ஹொங்டே பகுதியின் சிறு அரங்குகளிலிருந்து கிரையிங் நட் போன்ற பங்க் குழுக்கள் எழுந்தன. ஐடல் காலத்திற்கு வழிவகுத்தவராகக் கருதப்படும் சோ தைஜியும் சினாவே என்னும் ஹெவி மெட்டல் குழுவில் பேஸ் கிதார் வாசித்தவரே. அக்குழுவின் தலைவர் ஷின் ஜூங்ஹியோனின் மகன் ஷின் தேசோல். ஆக, ராக்கும் ஐடல் இசையும் இருவேறு உலகங்கள் என்னும் பிரிவினையை வரலாறு ஏற்கவில்லை.

இவ்வரலாறு ஜின்னுக்கு இருவகையில் அளவுகோலாகிறது. பிறர் மெட்டைப் பாடுவதால் மட்டும் அவரைத் தள்ளிவிட முடியாது. அதேவேளையில், கொரியாவில் ராக் பாடுவதற்கு ஒருகாலத்தில் துணிவு தேவைப்பட்டது. அத்துணிவுக்கு ஈடான ஏதேனும் இழப்பை இத்தொகுப்பு ஏற்கிறதா என்று கேட்கவும் வேண்டியுள்ளது.

குரல்: வலிமையும் வரம்பும்

ஜின்னின் குரல் தெளிவும் ஒளியும் உடையது. உயர்ந்த சுருதியில் இயல்பாக நிற்பது. கரகரப்பு அதில் குறைவு. ராக் பாடகருக்குரியதெனக் கருதப்படும் கிழிந்த ஒலி அவரிடம் இல்லை. இதனைக் குறையாகக் காண்பது எளிது. ‘எக்கோ’வின் சிறந்த இடங்களோ இவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன. கருவிகள் அடர்ந்து முரட்டுத்தன்மை கொள்ளும்போது குரல் அவற்றோடு போட்டியிடுவதில்லை. அவற்றின் மேலாகத் தூய்மையாக மிதக்கிறது. இரைச்சலுக்கு நடுவில் ஒரு மனிதர் நேராகப் பேசுவது போன்ற விளைவை இது தருகிறது. ‘நத்திங் வித்தவுட் யுவர் லவ்’ பாடலின் பல்லவியில் இதனை நன்கு உணரலாம்.

இக்குரலின் வரம்பு மென்மையான இடங்களில் தெரிகிறது. ‘பேக்ரவுண்ட்’ தொகுப்பில் பாலட் வகைக்கு மிக நெருங்கிய பாடல். காதலிக்கப்படுபவரின் பின்புலமாக நின்றுவிடும் ஒருவரின் மனநிலையைப் பேசுகிறது. பாடியவிதத்தில் பிழையில்லை. ஆனால் 2021இல் ‘ஜிரிசான்’ தொலைக்காட்சித் தொடருக்காக ஜின் பாடிய ‘யுவர்ஸ்’ பாடலை அறிந்தவருக்கு இது பழகிய நிலமே. தொடர்ப் பாடல்களின் நெகிழ்ச்சிக்குள் குரல் திரும்பிச் செல்வதால் ஆறாம் இடத்தில் தொகுப்பின் ராக் ஓட்டம் தடைப்படுகிறது. புதிதாகக் கேட்பவர் இதனையே மிக அழகிய பாடல் எனக் கூறக்கூடும். நெடுநாள் இரசிகரோ இதனை முன்பே கேட்டிருக்கிறார்.

பாடல்களின் அமைப்பு

முதன்மைப் பாடலான ‘டோன்ட் சே யூ லவ் மீ’ முழுவதும் ஆங்கிலத்தில் அமைந்தது. உறவு சிதைந்தபின்னும் பிரிய இயலாத இருவரில் ஒருவர், அன்பைச் சொல்லிப் பிரிவை மேலும் கடினமாக்க வேண்டாம் எனக் கேட்பதே அதன் பொருள். சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட அதன் காட்சிப்பதிவில் நடிகை ஷின் செக்யொங் உடன் நடித்துள்ளார். மிதமான நடையில் செல்லும் இப்பாடலின் சிறப்பு அதன் அடக்கம். கதறுவதற்கு இடமிருந்தும் பாடகர் கதறவில்லை. ஆயினும் ராக் தொகுப்பின் முகமாக நிற்கும் பாடல் அதில் ராக் தன்மை மிகக் குறைந்த பாடல்களுள் ஒன்றாக இருப்பது ஒரு முரண். உலகச் சந்தையை நோக்கிய கதவாக இது முன்வைக்கப்பட்டுள்ளது என்பதை மறைக்கவியலாது.

‘லூசர்’ பாடலில் யேனா இணைந்து பாடுகிறார். 2022இல் ‘ஸ்மைலி’ பாடலின்வழிப் பாப் பங்க் நடையைத் தன் அடையாளமாக்கிக்கொண்டவர் அவர். காதலர் இருவரின் சச்சரவு மாறிமாறி வரும் குரல்களில் விளையாட்டாக நடைபெறுகிறது. வாக்குவாதத்தின் வேகமே தாளத்தின் வேகமாகிறது. பொருளும் வடிவமும் ஒன்றுபடும் நல்ல எடுத்துக்காட்டு இது. ‘ரோப் இட்’ அமெரிக்க மேற்குப்புலத் திரைப்படங்களின் சூழலையும் கன்ட்ரி இசையின் சாயலையும் எடுத்தாளுகிறது. இங்கு ராக் பெரும்பாலும் உடையாகவே இருக்கிறது. ஜின்னின் நகைச்சுவை உணர்வை அறிந்தவருக்கு இது மகிழ்ச்சி தரும். அவரை அறியாதவருக்குப் பாடல் தனித்து நிற்குமா என்பது ஐயமே.

‘வித் தி க்ளவுட்ஸ்’, ‘டு மீ, டுடே’ ஆகிய இரண்டும் தொகுப்பின் உள்மையம் எனத் தகும். முன்னதன் கொரியத் தலைப்பு மேகங்களோடு புறப்படும் பயணம் என்றும், பின்னதன் தலைப்பு இன்றைய எனக்கு என்றும் பொருள்படும். முன்னது விரிந்த வெளியைத் தேடுகிறது. பின்னது தனக்குத்தானே ஊக்கம் கூறும் துள்ளலோடு தொகுப்பை முடிக்கிறது. ‘லூசர்’, ‘ரோப் இட்’ ஆகியவற்றோடு இவ்விரு பாடல்களின் வரிகளிலும் ஜின்னுக்குப் பங்குண்டு. அவர் சொல்லெழுதிய பாடல்களில் விளையாட்டும் தன்னுரையாடலும் மிகுந்திருப்பதும், முதன்மைப் பாடல் அவற்றுள் ஒன்றாக இல்லாததும் ஒருங்கு நோக்கத்தக்கவை.

எண்ணும் மதிப்பும்

‘ஹாப்பி’ அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 4ஆம் இடத்திலும் ‘எக்கோ’ 3ஆம் இடத்திலும் அறிமுகமாயின. இரசிகர் வட்டங்களில் இத்தகைய எண்களே தொகுப்பின் மதிப்பாகப் பேசப்படுவதுண்டு. ஒரே தொகுப்பைப் பல பதிப்புகளாக வாங்குவதும் இடைவிடாது ஒலிக்கச் செய்வதும் அன்பின் கடமையாகிவிட்டன. இச்செயல்கள் கலைஞரைத் தாங்குகின்றன என்பது உண்மை. ஆனால் 3ஆம் இடம் என்பது ஒரு கிதார் ஏன் ஓரிடத்தில் அடங்குகிறது என்பதற்கு விடை தராது. எண்ணைக் காப்பதில் முனையும் இரசிகர், ‘பேக்ரவுண்ட்’ தொகுப்பின் ஓட்டத்தைத் தடைசெய்கிறது என்று சொல்லத் தயங்குவார். அத்தயக்கத்தால் இழப்பவர் கலைஞரே. எதைச் செய்தாலும் ஒரே அளவு கைதட்டல் கிடைக்கும் மேடையில் எது சிறந்தது என்பதை அவர் அறிய வழியில்லை.

இவ்விடத்தில்தான் துணிவு பற்றிய முன்வினா மீண்டும் பொருள்பெறுகிறது. ‘எக்கோ’ அரசியல் துணிவைக் கோரும் படைப்பன்று. அன்றாட உணர்வுகளே அதன் பொருள். அரை மணிக்குள் முடிந்துவிடும் இத்தொகுப்பில் இடர் மிகுந்த ஒலிச்சோதனைகளும் இல்லை. கருவிகள் எங்கே ஓங்கும் என்பதைப் பல பாடல்களில் முன்கூட்டியே உணரமுடிகிறது. இருப்பினும் ஒத்திசைந்த நடனத்தின் துணையின்றி, ஓர் இசைக்குழுவின் முன் தனிக்குரலாக நிற்பது ஐடல் மரபிற்குள் சிறிய செயலன்று. குழுவில் குறைந்த வரிகளோடு தொடங்கிய ஒருவர் முழுத்தொகுப்பின் பாரத்தையும் குரலில் ஏற்றிருப்பது இத்தொகுப்பின் உண்மையான ஈட்டமாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• ஜின்னின் ராக் சாய்வு ‘எபிபனி’ முதல் தொடர்ந்து வளர்ந்தது. ‘எக்கோ’வில் அது ஒப்பனையைக் கடந்து நிற்கிறது. ‘ரோப் இட்’ மட்டும் இதற்குப் பெருமளவு விலக்கு.

• பிறர் மெட்டைப் பாடுதல் கொரிய ராக் மரபிற்குப் புறம்பானதன்று. ஆகவே அதனை மட்டும் காட்டி ஐடல் பாடகரை மறுப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

• முரட்டு ஒலிக்கும் தெளிந்த குரலுக்கும் இடையிலான வேறுபாடே தொகுப்பின் வலிமை. பழகிய பாலட் நெகிழ்ச்சிக்குத் திரும்புதலும் எதிர்பார்த்த இடத்திலேயே வரும் உச்சங்களும் அதன் குறைகள்.

• இரசிகரின் நெடுநாள் கேள்வியறிவு திறனாய்வுக்குத் துணையாகும். விற்பனை எண்ணைக் காக்கும் கடமையிலிருந்து அது விடுபடும்போதே மதிப்பீடாக உயரும்.

எதிரொலி என்பது முன்பு ஒலித்த குரலைச் சார்ந்தது. இத்தொகுப்பின் சில பாடல்கள் ஜின்னின் பழைய பாடல்களையே எதிரொலிக்கின்றன. ‘நத்திங் வித்தவுட் யுவர் லவ்’, ‘லூசர்’, ‘வித் தி க்ளவுட்ஸ்’ ஆகியன புதிய குரலை எழுப்புகின்றன. அடுத்த தொகுப்பில் முதன்மைப் பாடலாக எது நிறுத்தப்படுகிறது என்பது, இவ்விரண்டில் எதனை அவர் தம் வழியாகக் கொள்கிறார் என்பதைக் காட்டும்.