எளிய சொல், யாருக்கு எளிது?

பிள்ளைகளுக்கான ஆங்கில அகராதி என்றாலே 'எளிய விளக்கம்' என்ற வாக்குறுதியும் கூடவே வரும். அதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆங்கிலக் கல்விப் பணியில் இருந்தவர். 1935-ல் எண்டிகாட்டோடு சேர்ந்து ஓர் அகராதி கொண்டுவந்தார். சுமார் 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் விளக்கம். அத்தனையும் 1,490 சொற்களுக்குள். 1978-ல் லாங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 சொற்களோடு அதே வழியில் போனது. ஒரு சொல்லைத் தேடிப் போன பிள்ளை, அதைவிடக் கடினமான மூன்று சொற்களோடு திரும்பி வரும் கொடுமையை இவர்கள் பெருமளவு குறைத்தார்கள். மறுக்க முடியாது.

ஆனா இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கு. பட்டியலில் எண்ணுவது சொல்லை, அர்த்தத்தை இல்லை. 'கெட்', 'டேக்', 'ரன்' எல்லாம் சின்னச் சொற்கள்தான். ஒவ்வொன்றுக்கும் எத்தனை அர்த்தம் பாருங்க! 'டேக்' பக்கத்தில் 'ஆஃப்' வந்து உட்கார்ந்தால் சட்டையைக் கழற்றலாம், விமானமும் கிளம்பலாம். எழுதுகிறவருக்கு அது ரெண்டு எளிய சொல். படிக்கிற பிள்ளைக்குப் புதிர்.

1987-ல் ஜான் சின்க்ளேரின் கோபில்ட் அகராதி வேறு பாதை பிடித்தது: விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதுவது. அந்தப் பாணியில் 'பாரோ'வுக்கு நானே தமிழில் எழுதிப் பார்த்தேன்: 'இன்னொருத்தர் பொருளை நீங்க பாரோ பண்ணினா, கொஞ்ச நாள் வெச்சிருந்துட்டுத் திருப்பிக் கொடுப்பீங்க.' வீட்டில் அம்மா சொல்லித்தருவது இப்படித்தானே? யார் கையிலிருந்து யார் கைக்குப் போகுது என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. 'லெண்ட்' எதிர்த்திசை என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. வினைச்சொற்களுக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. (பூனைக்கும் கோப்பைக்கும் இது வீண் வேலை. அங்கே ஒரு படம் போதும்.)

நம்மூர் பாக்கெட் அகராதிகளில் பலவும் இன்னும் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்றே நிற்கின்றன. பாரோ என்றால் கடன் வாங்கு, முடிஞ்சது. தமிழில் பணத்தைக் கடன் வாங்குவோம். பக்கத்து பெஞ்சில் பேனா கேட்கும்போது 'கடன்' என்றா கேட்போம்? 'குடுடா, எழுதிட்டுத் தரேன்' என்போம். அகராதியை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு வங்கியைப் பற்றிய வாக்கியம் புரியும். பேனா கேட்க மட்டும் சொல் வராது.