உபன்யாசமும் நாவலும்

பிரேம்சந்தை ஹிந்திக்காரர்கள் ‘உபன்யாஸ் சாம்ராட்’ என்று கொண்டாடுகிறார்கள். இதை அப்படியே ‘உபன்யாசச் சக்கரவர்த்தி’ என்று தமிழாக்கினால் நமக்கு என்ன தோன்றும்? ராமநவமிப் பந்தல், மேடை, கண்ணை மூடிச் சுலோகம் சொல்லும் ஒரு பெரியவர். ஏழைக் குடியானவனின் கதையை எழுதியவரைக் காலட்சேபத்துக்கு அனுப்பிவிடுவோம்!

சொல் சம்ஸ்கிருதம். ‘அருகில் கொண்டு வைப்பது’ என்பது அடிப்படைப் பொருள். எடுத்துரைப்பது என்பது அதிலிருந்து வந்தது. வங்காளிகளும் ஹிந்திக்காரர்களும் அதை நாவலுக்கு வைத்துக்கொண்டார்கள். வேறு குடும்பத்தைச் சேர்ந்த தென்னாட்டு மொழிகளில் கதையே இல்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் சொற்பொழிவு, மலையாளத்தில் கட்டுரை, தமிழில் பெரும்பாலும் பக்திப் பிரசங்கம்.

பெயரை நாம் நாவலுக்கு வைக்கவில்லையே தவிர, காரியத்தை விட்டோமா? 1879-ல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வேடிக்கையும் சாதுரியமும் நிறைந்த புத்தகம். ஆனால் கதை அடிக்கடி ஓரமாக நின்று, நீதி போதனைக்கு வழிவிடுகிறது. வடக்கத்திப் பொருளிலும் உபன்யாசம். நம் பொருளிலும் உபன்யாசம். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ இன்னும் பெரிய படைப்பு. சிறுகுளம் கிராமத்து வம்புப் பேச்சு இன்றும் காதில் கேட்கிறது. பிற்பகுதியில் வேதாந்தம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த வேதாந்தத்தை மதிக்கிறேன். ஆனால் திரும்ப எடுத்துப் படிப்பது சிறுகுளத்தைத்தான்.

பிரேம்சந்த் மட்டும் பிரசங்கம் செய்யவில்லையா? செய்தார். 1936-ல் வந்த ‘கோதா’னிலேயே மேத்தா என்ற பாத்திரம் பெண்கள் சங்கத்தில் நீளமாகப் பேசுகிறது. அந்தப் பேச்சு யாருக்கு நினைவிருக்கிறது? மறக்க முடியாதது கடைசிப் பக்கம். ஒரு பசுவுக்கு ஆசைப்பட்டே உழைத்துத் தேய்ந்த ஹோரி சாகிறான். கோதானம் செய்யச் சொல்கிறார்கள். வீட்டில் பசு ஏது? மனைவி தனியா, கயிறு திரித்து விற்ற இருபது அணாவைக் கொண்டுவந்து அவன் கையில் வைக்கிறாள். அதுதான் கோதானம். ஆசிரியர் அதற்குமேல் வியாக்கியானம் செய்யவில்லை. செய்திருந்தால் நம் கண்ணீர் காய்ந்திருக்கும்.

அருகில் கொண்டு வைப்பது என்றால் இதுதான். அந்த இருபது அணாவை நம் பக்கத்தில் வைத்துவிட்டு ஆசிரியர் விலகிக்கொள்கிறார். நம் நாவலாசிரியர்களில் பலருக்கு வைக்கத் தெரிகிறது. விலகத்தான் மனம் வருவதில்லை. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.