கடைசி வரிசைக்குத் தீட்டப்படும் காடு

பள்ளி ஆண்டுவிழா மேடைக்கான காட்சித் தட்டி ஒன்று, கையெட்டும் தொலைவில் நின்று பார்ப்பவருக்கு மிக அழகாகத் தெரியுமானால், அது பெரும்பாலும் பிழையாகத் தீட்டப்பட்டதே ஆகும். தட்டி என்பது மரச்சட்டத்தின்மீது காடாத் துணியை இழுத்து ஆணியடித்து, வச்சிரப் பசையில் சுண்ணாம்புப் பொடி கலந்து பூசி உலரவிட்ட போலிச் சுவர். உலர்கையில் துணி சுருங்கி முரசின் தோல்போல் விறைத்துக்கொள்வதால், அதுவரை தொய்ந்து கிடந்த பரப்பு வண்ணம் ஏற்கத் தகுந்ததாகிறது. அதன்மேல் இலை இலையாக வரைந்த மாணவரின் உழைப்பு பத்தாவது வரிசைக்குள் பச்சைக் குழம்பாகக் கரைந்துவிட, கருநிழலாகச் சில திட்டுகளும் அவற்றின்மேல் வெளிர்மஞ்சள் தெறிப்புகளும் வைத்து நிறுத்திக்கொண்ட கைக்கு அடர்ந்த காடு வாய்த்துவிடுகிறது. செங்கல் சுவருக்கும், கல்லின் மேல்விளிம்பில் ஒரு வெளிர்க்கோடும் கீழ்விளிம்பில் ஒரு கருங்கோடும் போதும். மீதியைப் பார்வையாளரின் கண் கட்டி முடிக்கும்.

வண்ணந்தீட்டிய பின்திரையாகிய படுதா, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கால் தமிழ் மேடையில் பரவியது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் நடிகர்கள் சிறுவர்களே ஆதலின், இன்றைய பள்ளி மேடைக்கு அவற்றை மூதாதை என்று கொள்ளலாம். நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா எழுதிய ஓவியர் கொண்டையராஜு (1898–1976) பின்னர் கோவில்பட்டியில் தங்கி நாட்காட்டித் தெய்வங்களைத் தீட்டினார். அத்தெய்வங்களின் பின்னே விரியும் தூண்களையும் திரைகளையும் உற்றுநோக்குபவருக்கு மேடையின் வாசனை தவறாமல் எட்டும்.

படுதாவின் வலிமையே அதன் பலவீனமும் ஆகும். தொலைவுத் தோற்றத்துக்காகக் குறுகிக்கொண்டே செல்லும் தெருவின் கடைசி வீட்டை ஒட்டி ஓர் அரசகுமாரன் நின்றால், அவன் மகுடம் மாடியைத் தாண்டிவிடுகிறது. ஆகவே தேர்ந்த அமைப்பாளர், நடிகர் பின்வாங்கக்கூடாத எல்லையைத் தரையில் சுண்ணக்கட்டியால் முன்னரே குறித்துவிடுவார். விளக்கும் இத்தகைய கண்டிப்பைக் கோருவது. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு நிறுத்தவேண்டும் என்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அன்றே விதித்திருக்க, பகல் வெளிச்சத்தில் தீட்டிய பச்சைக் காட்டின்மேல் விழாவன்று செவ்விளக்கைப் பாய்ச்சி, அது கறுத்துப்போனதைக் கண்டு திகைப்பவர் இன்றும் உளர். எரியப்போகும் விளக்கின் கீழேயே வண்ணத்தைத் தேர்ந்துகொள்வது நலம்.

நாடகம் முடிந்ததும் தட்டிகள் மீண்டும் வெள்ளை பூசப்பட்டு மறு ஆண்டின் அரண்மனைக்காகக் காத்திருக்கின்றன. காடும் தர்பாரும் சிறைச்சாலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, துணி பாரம் தாங்காமல் வண்ணத்தைச் செதில் செதிலாக உதிர்க்கத் தொடங்கும்போதுதான் சட்டத்துக்குப் புதுக் காடாத் துணி கட்டப்படுகிறது.