ஒற்றியூரும் பட்டினத்தார் என்னும் பெயரும்

தமிழ் மரபில் குடும்பப்பெயர் பெருவழக்கன்று. ஆயினும் ஒரே பெயர் பல நூற்றாண்டுப் புலவர்க்கு உரியதாதல் இங்கு அரிதும் அன்று. சங்கப் புலவர்களாகிய நக்கீரர், கபிலர், பரணர் ஆகியோரின் பெயர்கள் பதினோராம் திருமுறையில் மீண்டும் தோன்றுகின்றன. ஐரோப்பாவின் பிரூகல் ஓவியர்களிடையே பெயர் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. இங்கோ அது புகழின்வழி இறங்கியது. இவ்வகையில் திருவொற்றியூரோடு பிணைந்த பெயர் பட்டினத்தார்.

இது இயற்பெயர் அன்று. காவிரிப்பூம்பட்டினத்தவர் என்னும் ஊர்வழிப் பெயர். 10ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்தவராகக் கருதப்படும் பட்டினத்துப் பிள்ளையாரின் ஐந்து நூல்கள் பதினோராம் திருமுறையில் உள்ளன. தாயின் ஈமக்கடன் குறித்த வெண்பாக்களும் நிலையாமைப் பாடல்களும் மிகப் பிற்பட்டவை. இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் இவ்விருவரையும் வேறுபடுத்தியுள்ளனர். எனினும் ‘பட்டினத்தார் பாடல்கள்’ எனும் பதிப்புகள் அனைத்தையும் ஒருவர் பெயரிலேயே அடக்குகின்றன.

இந்த இணைப்புக்குப் பெயர் மட்டும் காரணமன்று. ஊரும் காரணம் என்பது என் கருத்து. முன்னவர் பாடியது திருவொற்றியூர் ஒருபா ஒருபஃது. பின்னவரைப் பற்றிய கதையில் பேய்க்கரும்பு இனித்ததும் அவர் சமாதியடைந்ததும் அதே ஊரில். இன்றும் சமாதிக் கோயில் அங்குள்ளது. பெயரும் ஊரும் ஒன்றானபின் வாழ்க்கையும் ஒன்றெனக் கொள்ளுதல் எளிதாயிற்று.

பாடல்களோ அதற்கு இடந்தருவதில்லை. ஒருபா ஒருபஃது அந்தாதியாய்த் தொடரும் பத்து அகவல்களால் ஆனது. அதன் தொடக்கத்தில் நிலம் ஒரு மடந்தை. கடல் அவள் மேகலை. ஒற்றியூர் அவள் முகம். ஊரைப் பெண்முகமாகக் கண்டு வியந்த இக்குரலையும், பெண்ணுடலை உறுப்புறுப்பாக எண்ணி அருவருக்கும் பிற்காலப் பாடல்களின் குரலையும் ஒருவருடையவை எனல் எளிதன்று. துறவுக்கு முன்பும் பின்பும் எனச் சமாதானம் கூறுவோர் உளர். ஆனால் ஒருவரின் மனமாற்றம் நூற்றாண்டு கடந்த மொழிமாற்றத்தை விளக்காது. பின்னவற்றில் பேச்சுவழக்குச் சொற்களும் விருத்த ஓசையும் மிகுந்துள்ளன. முன்னவை கோவை, அந்தாதி, மாலை எனத் திட்டமிட்ட சிற்றிலக்கிய அமைப்பின.

இதனால் இழப்புக்குள்ளாகுபவர் முன்னவரே. 1962இல் டி. எம். சௌந்தரராசன் நடித்த ‘பட்டினத்தார்’ திரைப்படம் உட்பட, மக்கள் நினைவில் நிற்பது கோவணத் துறவியின் உருவம். அவ்வுருவத்தின் வழியே ஒருபா ஒருபஃதைப் படிக்கும் மாணவர், அதில் இல்லாத வாழ்வு வெறுப்பைத் தேடுகிறார். அங்குள்ள கடலையும் நகரையும் காணத் தவறுகிறார். பாடத்திட்டங்களும் நூலகப் பட்டியல்களும் ‘பதினோராம் திருமுறைப் பட்டினத்துப் பிள்ளையார்’ எனத் தனித்துக் குறித்தல் வேண்டும். ஒற்றியூர்ச் சமாதியைப் பொறுத்தவரை, இவ்வகவல்களை எத்தரப்பினரும் சான்றாகக் காட்ட இயலாது. அவை பாடுவது ஊரின் இறைவனை.