விலைக்கு இன்பொக்ஸ் வரவும்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, விலை கேட்டு, குறைத்துக் கேட்டு, பிறகுதான் பைக்குள் போடுவார். அதே ஊரில் முகநூலில் பக்கம் திறந்திருக்கும் கடைகள் சில, பொருளின் படத்தைப் போட்டுவிட்டு, கீழே "விலைக்கு இன்பொக்ஸ் வரவும்" என்று எழுதுகின்றன. வாடிக்கையாளரோடு பேசவென்று திறந்த பக்கத்தில், அவர் கேட்கும் முதற் கேள்விக்கே பதில் இல்லை.

பக்கத்துக் கடைக்காரன் பார்த்து ஐம்பது ரூபா குறைத்துப் போட்டுவிடுவான் என்பது கடைக்காரர் சொல்லும் காரணம். அச்சம் நியாயமானதுதான். ஆனால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கடையிலே விலையைக் காட்சிக்கு வைத்தாக வேண்டும். அதை அவன் வந்து பார்க்கலாம். வராவிட்டாலும், ஒரு போலிக் கணக்கிலிருந்து இன்பொக்ஸில் கேட்டுக்கொள்வான். சலித்துப்போய் வேறு கடை பார்ப்பவர் வாங்க நினைத்தவர் மட்டுமே.

பக்கத்தின் வீச்சையும் பார்க்க வேண்டும். வணிகப் பதிவுகளைவிட நண்பர், உறவினர் பதிவுகளுக்கே இனி முதலிடம் என்று 2018 ஜனவரியில் பேஸ்புக் அறிவித்தது. அதன்பின் காசு கட்டாமல் போடும் பதிவு பின்தொடர்வோரிற் சிறு பகுதியினருக்கே போய்ச் சேர்கிறது. லைக் போட்டுப் பகிர்ந்தால் பரிசு என்ற போட்டிகளால் எண்ணிக்கை ஏறும். ஆனால் அப்படி வருகிறவர்களிற் பலர் சுன்னாகச் சந்தியில் ஒருநாளும் இறங்கப் போவதில்லை.

உள்ளூர் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பே போதும் என்பது என் கணிப்பு. அதன் வணிகச் செயலி 2018 இல் வந்தது, இலவசம். கடன் கொப்பியில் ஏற்கெனவே இருக்கும் இலக்கங்களுக்கு, அவர்களிடம் கேட்டுக்கொண்டு, இன்று வந்த சாமானை விலையோடு அனுப்பினால் ஆள் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்து எடுத்துப் போவார். கேளாமலே குழுவிற் சேர்த்துக் காலை வணக்கம் அனுப்பினால் அன்றே வெளியேறுவார்.

புலம்பெயர்ந்தோருக்கு விற்கும் கடையின் கணக்கு வேறு. ஒடியல் மாவோ பனங்கட்டியோ வறுத்து இடித்த மிளகாய்த்தூளோ கேட்கும் ரொறன்ரோக்காரருக்கும், ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் பிறந்தநாள் கேக் அனுப்ப நினைக்கும் லண்டன் மகளுக்கும் அந்தப் பக்கம்தான் கடைவாசல். மிளகாய் வறுபடும் வீடியோவும், கேக் வீட்டில் கொடுபட்ட படமும் அவர்களுக்குச் சாட்சி. இங்கே சமூக ஊடகம் உண்மையாகவே வியாபாரம் செய்கிறது. கோடையில் ரொறன்ரோவில் இரவு எட்டு மணியென்றால் இங்கே விடிய ஐந்தரை. அந்த நேரத்து ஓடருக்குப் பதில் போட ஆள் வேண்டும்.

என்ன எழுதுவது என்பதில்தான் அநேகர் தோற்கிறார்கள். பழைய உதாரணம் ஒன்று: 1930 இல் நா. பொன்னையா 'ஈழகேசரி' பத்திரிகையைத் தொடங்கினார். அது அச்சானது அவருடைய சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில். அச்சகத்தின் பெருமையை வாசிக்கவா சனங்கள் அதை வாங்கினார்கள்? கதைக்கும் கட்டுரைக்கும் செய்திக்குமாக வாங்கினார்கள். அழுத்தகத்தின் பெயரும் கூடவே பரவியது. இன்றைய பக்கங்களில் கடைச் சின்னம் ஒட்டிய பொங்கல் வாழ்த்தே மிஞ்சுகிறது. சீனி கலந்த பனங்கட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது, ஒடியல் மாவை வண்டு பிடிக்காமல் எப்படி வைப்பது என்று எழுதினால் வாசிக்க ஆள் இருக்கும்.

இன்னொன்று, முகநூலும் வாட்ஸ்அப்பும் கடைக்காரருக்குச் சொந்தமில்லை. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் மாதங்களில் இலங்கை அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. 2021 ஒக்டோபர் 4 இல் பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் தாமாகவே ஆறு மணி நேரமளவில் நின்றுபோயின. ஆகவே இலக்கங்களைக் கொப்பியிலும் எழுதி வையுங்கள்.

அயலுக்கு மட்டும் விற்கும் கடைக்கு முகநூல் பக்கம் தேவையில்லை. வெளிநாட்டு ஓடர் எடுக்கும் கடைக்குத் தேவை. ஆனால் விலை தெரிய வேண்டும், பதிலுக்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். இரண்டும் முடியாதென்றால் பக்கத்தை மூடிவிடுவது நல்லது. இரண்டு வருடத்துக்கு முந்திய சித்திரை வருஷ வாழ்த்தோடு நிற்கும் பக்கத்தைப் பார்க்கிறவர், கடையே பூட்டியாயிற்று என்றுதான் நினைப்பார்.