மங்கம்மாள் வரலாறும் அவள் இறப்புக் கதையும்

மதுரை நாயக்கர் மரபில் மங்கம்மாள், கி. பி. 1689 முதல் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள், பேரன் விசயரங்க சொக்கநாதன் பெயரால் ஆட்சி புரிந்தவள். ஆயினும் மக்கள் உள்ளத்தில் நிற்பது அவள் ஆட்சி அன்று, இறப்பே. வளர்ந்த பேரன் பாட்டியைச் சிறையிலிட்டு, கண்ணுக்குத் தெரியுமாறும் கைக்கு எட்டாதவாறும் உணவை வைத்துப் பட்டினியால் மாய்த்தான் என்பது அக்கதை. நா. பார்த்தசாரதியின் ‘ராணி மங்கம்மாள்’ புதினமேயாயினும், வாழ்க்கை வரலாறாகவே பலராலும் படிக்கப்பெறுகின்றது. அதுவும் அரசியின் வாழ்வைப் பேரனின் சிறையிலேயே முடிக்கின்றது. இம்முடிவு நூலின் பிற பகுதிகளை என் செய்கின்றது என்பதே யாம் ஈண்டு எழுப்பும் வினா.

சிறைச்சாவு, மக்கள் வாய்மொழி வழியே வந்த செய்தி. 1868இல் நெல்சன் வெளியிட்ட மதுரை நாட்டு நூலிலும் அது மரபுக் கதையாகவே இடம்பெற்றது. புதின ஆசிரியர் வாய்மொழியைக் கையாளல் குற்றம் அன்று. அஃது அவர் உரிமை. ஆனால் இறுதியில் வரும் சிறையை எண்ணியே முதலிலிருந்து படிக்கும் நமக்கு, அரசியின் ஒவ்வொரு செயலும் வரப்போகும் அழிவின் நிழலாகத் தோன்றிவிடுகின்றது. அறம் செய்தாள், ஆதலின் இரங்கத்தக்காள் என்ற அளவில் ஆட்சி சுருங்கிவிடுகின்றது.

உண்மையில் அவலம் தொடக்கத்திலேயே உளது. 1682இல் கணவன் சொக்கநாதன் மறைந்தான். 1689இல் மகன் அரங்க கிருட்டிண முத்துவீரப்பனை அம்மை நோய் கொண்டது. மருமகளும் மகப்பேற்றின் பின்னர் உயிர் துறந்தாள். எஞ்சியது ஒரு கைக்குழந்தையும் ஓர் அரசும். அந்நிலையில் அவள் தேர்ந்த வழிகளே நூலுக்கு நடுப்பொருளாதல் தகும். முகலாயரோடு போர் வேண்டாது, திறை தந்து நாட்டைக் காத்தாள். அதனைக் கோழைமை என்பார் உளர், யாம் அவ்வாறு கருதோம். 1697இல் திருவிதாங்கூர் மேல் படை செலுத்தினாள். மைசூர் வேந்தன் சிக்கதேவராயன் காவிரியைத் தடுத்தபொழுது, முன்பு போரிட்ட தஞ்சையோடு அவளது அரசு கைகோத்தது. தளவாய் நரசப்பையன் வழி ஏசு சபைத் துறவியர்க்கு மதிப்பு அளித்தாள். திருச்சிராப்பள்ளி நத்தர்வலி தர்காவுக்கும் ஊர்க்கொடை வழங்கினாள். மதுரைச் சத்திரம் இன்றும் அவள் பெயரால் நிற்கின்றது. ஆயினும் 1702ஆம் ஆண்டு மறவர் நாட்டுப் போர் பெருந்தோல்வி. நரசப்பையனே அதில் மாண்டான். அரசியின் தவறாகிய அதனையும் ஆராயும் நூலே அவளை முழுமையாக மதிக்கும் நூல்.

1932இல் சுடீபன் சுவைக் எழுதிய மரீ அந்துவானெத்து வரலாறு ஒப்புநோக்கத் தக்கது. அவ்வரசியின் முடிவும் யாவரும் அறிந்ததே: 1793, கில்லட்டின். சுவைக்கோ அவளை எளிய இயல்பினள் என்று கொண்டு, துன்பமே அவளை உயர்த்தியது என்று காட்டினார். போலிக் கடிதங்களை ஒதுக்கி, தாய் மரியா தெரேசாவோடு அவள் நடத்திய கடிதப் போக்குவரத்தைத் துணையாகக் கொண்டார். மங்கம்மாளுக்கு இம்முறை பொருந்தாது. அவள் வீழ்ச்சியால் உயர்ந்தவள் அல்லள். மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டப ஓவியத்தில் அவளும் இளம் விசயரங்கனும் ஒருங்கே காட்சி தருகின்றனர். அவ்வோவியத்தைக் கண்டபின் சிறைக் கதையைப் படிப்பார்க்கு நெஞ்சம் கனக்கும். கதையின் வலிமையும் அதுவே, இடரும் அதுவே.

இறப்புக் கதை இன்மையால் ஓர் அரசி மறக்கப்படுதலும் உண்டு. காட்டுப்பள்ளிக்கு வடக்கே, பழவேற்காட்டில், 1613இல் ஒல்லாந்தர் கெல்திரியாக் கோட்டையை நிறுவினர். அந்நாளில் அவ்வூர் விசயநகர வேந்தன் இரண்டாம் வேங்கடனின் தேவியருள் ஒருத்தியின் ஆளுகையில் இருந்தது. ஏரிக்கரையில் ஒல்லாந்தர் கல்லறைகளைக் காணச் செல்வார் பலர். அவ்வரசியைக் கேட்பார் அரியர்.